டொயோட்டா ஜிஆர் சுப்ரா: முந்தியவர்களும் காத்திருந்தவர்களும்

டொயோட்டாவின் ஸ்போர்ட்ஸ் காரான சுப்ராவின் நான்காம் தலைமுறை உற்பத்தி 2002-இல் நின்றது. அடுத்த தலைமுறை 2019 ஜனவரியில்தான் டெட்ராய்ட் கண்காட்சி மேடைக்கு வந்தது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் பழைய காரின் புகழ், காரைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. வார்ப்பிரும்பு பிளாக் கொண்ட அதன் 2ஜேஇசட் எஞ்சினைப் பிரித்து, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் டர்போவைப் பெரிதாகப் பொருத்தி, ஆலை கொடுத்த திறனைப் போல இரண்டு மூன்று மடங்கு வரை ஏற்றிக் காட்டியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். 2014-இல் எஃப்டி-1 என்ற மாதிரிக் கார் காட்டப்பட்ட நாள்முதல், புதிய சுப்ராவில் என்ன எஞ்சின் வரும், எத்தனை திறன் நிலைகளில் வரும், மேனுவல் கியர் உண்டா, சிறப்புப் பதிப்புகள் எப்போது வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஐந்து ஆண்டுகளைக் கழித்தார்கள் ஆர்வலர்கள். அந்தக் காத்திருப்பு கார் வந்த பிறகும் ஓயவில்லை. ஒவ்வொரு மாதிரி ஆண்டிலும், அதாவது ஆண்டின் பெயரில் வெளியாகும் ஒவ்வொரு வடிவத்திலும், ஏதாவது ஒன்று மாறிக்கொண்டே இருந்ததால், இன்று வாங்கலாமா, இன்னும் ஓராண்டு பொறுக்கலாமா என்ற கேள்வி இந்தக் காரை விட்டு நீங்கவே இல்லை. எல்லா வகைகளும் வெளிவந்துவிட்ட நிலையில் திரும்பிப் பார்த்தால், எஞ்சினுக்காகப் பொறுத்திருந்தவர்களைவிடக் கியருக்காகப் பொறுத்திருந்தவர்களே அதிகம் பயனடைந்தார்கள் என்றும், பதிப்புகளுக்காகப் பொறுத்திருந்தவர்களுக்குப் பெரும்பாலும் வண்ணமே மிஞ்சியது என்றும் எனக்குத் தோன்றுகிறது.

அறிமுகத்தின்போது ஜப்பானில் மூன்று வகைகள் வந்தன. இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின் 197 குதிரைத்திறனில் எஸ்இசட் என்றும், 258 குதிரைத்திறனில் எஸ்இசட்-ஆர் என்றும், மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின் 340 குதிரைத்திறனில் ஆர்இசட் என்றும் பெயர் பெற்றன. அமெரிக்காவுக்கு முதலில் ஆறு சிலிண்டர் மட்டுமே போனது. அங்குள்ள அளவுமுறையில் அது 335 குதிரைத்திறன். எல்லாவற்றிலும் எட்டு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான். இரண்டு எஞ்சின்களும் பிஎம்டபிள்யூ உருவாக்கியவை. காரே ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், மாக்னா ஸ்டெய்ர் ஆலையில், பிஎம்டபிள்யூ இசட்4 காருடன் ஒரே கூரையின் கீழ்க் கட்டப்பட்டது.

இந்தக் கூட்டுறவைப் பலர் துரோகம் என்றே பேசினார்கள். எனக்கு அந்தக் கோபத்தில் உடன்பாடில்லை. சுப்ரா என்றால் நேர்வரிசை ஆறு சிலிண்டர் என்பது பழைய மரபு. அப்படியொரு எஞ்சினை இந்த ஒரு காருக்காகப் புதிதாக வடிவமைக்கும் செலவை டொயோட்டா ஏற்றிருந்தால், கார் எந்த விலைக்கு வந்திருக்கும் என்பதைக் கோபப்பட்டவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. தவிரவும், பி58 என்ற பிஎம்டபிள்யூவின் அந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் இரவல் பொருள் என்பதற்காகக் குறைத்துச் சொல்லத்தக்கதல்ல. மேற்பக்கம் மூடிய உறுதியான அலுமினிய பிளாக்கும், டர்போவின் காற்றைத் தண்ணீரால் குளிர்விக்கும் ஏற்பாடும் கொண்ட அந்த எஞ்சின், தாழ்ந்த சுழற்சியிலேயே 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தருகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டு டர்போ விழித்துக்கொள்ளும்வரை பொறுத்திருக்க வேண்டிய பழைய சுப்ராவின் குணம் இதில் அறவே இல்லை. கார் சந்தைக்கு வந்த கையோடு அதை அளவுமேடையில் ஏற்றிப் பார்த்தவர்கள், எஞ்சினுக்கு அறிவிக்கப்பட்ட திறன் சக்கரங்களிலேயே ஏறக்குறைய முழுமையாகக் கிடைப்பதைக் கண்டார்கள். வழியில் கியர்பாக்ஸும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியலும் ஒரு பங்கை விழுங்கியாக வேண்டும் என்பதால், எஞ்சினின் உண்மைத் திறன் காகிதத்தில் இருப்பதைவிடக் கூடுதல் என்பது வெளிப்படை.

முதல் கார்கள் அமெரிக்க வாடிக்கையாளர்களின் கைக்குப் போய் ஓராண்டு நிறைவதற்குள், 2021 மாதிரியில் திறன் 382 ஆக உயரும் என்ற அறிவிப்பு வந்தது. முந்திக்கொண்டு வாங்கியவர்களின் ஆத்திரம் எவருக்கும் புரியக்கூடியதே. ஒரே எஞ்சின், ஒரே கார், ஓராண்டு இடைவெளியில் 47 குதிரைத்திறன் வேறுபாடு. எஞ்சின் நிரலை மட்டும் தட்டிக்கொடுத்து எண்ணை உயர்த்தினார்கள் என்று அப்போது எழுந்த பேச்சு சரியல்ல. எரிந்த வாயுவைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் வாய்கள் இரண்டிலிருந்து ஆறாயின. பிஸ்டன் வடிவம் மாறி, சிலிண்டருக்குள் கலவை நெருக்கப்படும் அளவான அழுத்த விகிதம் 11-இலிருந்து 10.2 ஆகக் குறைந்தது. முன்பக்கம் சஸ்பென்ஷன் கோபுரங்களிலிருந்து ரேடியேட்டர் சட்டம் வரை இணைப்புத் தண்டுகள் சேர்க்கப்பட்டன. ஷாக் அப்சார்பர்களும் ஸ்டீயரிங்கும் மறுபடி பதப்படுத்தப்பட்டன. மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டும் நேரம் 4.1 வினாடியிலிருந்து 3.9 வினாடியாகக் குறைந்ததாக நிறுவனம் கூறியது. நேர்ச்சாலையில் இந்த வேறுபாட்டை உணர்வது கடினம். வளைவிலிருந்து வெளியேறும்போது பின்பக்கம் சட்டென்று விலகிக்கொள்ளும் பழக்கம் முதலாண்டுக் கார்களில் உண்டு. அது குறைந்து கார் ஓரளவு நம்பத்தகுந்ததானதே என் பார்வையில் இந்த மாற்றத்தின் உண்மையான ஆதாயம். ஜப்பானில் இதே உயர்வு 387 குதிரைத்திறன் என்ற கணக்கில் வந்தது. ஐரோப்பாவில் மட்டும் 340-இலேயே நின்றுவிட்டது.

மிகவும் அநியாயமாகப் புறக்கணிக்கப்பட்டது நான்கு சிலிண்டர் வகைதான். ஆறு சிலிண்டர் எஞ்சினின் அதே விட்டமும் பிஸ்டன் ஓடும் அதே நீளமும் கொண்ட, ஒவ்வொன்றும் அரை லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர்கள். முறையாகச் சொன்னால் இரண்டும் ஒரே குடும்பம். முன்சக்கரங்களின் மேல் அழுத்தும் பாரம் குறைவதால், ஏறத்தாழ நூறு கிலோ இலேசான இந்தக் கார் வளைவுக்குள் இன்னும் ஆவலாகத் திரும்புகிறது. இதை அமெரிக்காவில் விற்ற முறையில்தான் பிழை நேர்ந்தது. 42,990 டாலருக்கு, அதாவது மூன்று லிட்டர் காரைவிட 8,000 டாலர் குறைவாக, 255 குதிரைத்திறனுடன் அங்கே வந்த காரில், தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் சஸ்பென்ஷன் இல்லை, மின்னணு டிஃபரன்ஷியல் இல்லை, பெரிய பிரேக்குகளும் இல்லை. ஜப்பானின் எஸ்இசட்-ஆர் வகையில் சஸ்பென்ஷனும் டிஃபரன்ஷியலும் உண்டு. எஞ்சினைச் சிறிதாக்கும்போது மற்றவற்றையும் பறித்துக்கொண்டால், அதை வாங்குகிறவர் தம்மை இரண்டாம் தரத்தவராகவே உணர்வார். 2024-க்குப் பிறகு அமெரிக்கப் பட்டியலிலிருந்து இது சத்தமில்லாமல் நீங்கியதில் எனக்கு வியப்பில்லை, வருத்தம் உண்டு.

மேனுவல் கியர் 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு, அமெரிக்காவில் 2023 மாதிரியாக வந்தது. ஆறு வேகங்கள், மூன்று லிட்டர் எஞ்சினுடன் மட்டும், கூடுதல் விலையின்றி. எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இது பின்னடைவு. 60 மைலை எட்ட 4.2 வினாடி ஆகிறது, ஆட்டோமேட்டிக் அதைவிட விரைவாகப் போய்விடுகிறது. ஆனாலும் கியரை ஒப்புக்குச் சேர்த்த வேலையாக இது இல்லை. இறுதிப் பற்சக்கர விகிதத்தை 3.15-இலிருந்து 3.46 ஆக மாற்றி, ஒவ்வொரு கியரிலும் இழுவை கூர்மையாகத் தெரியும்படி செய்திருக்கிறார்கள். கியர் பிடியின் எடையைக்கூட 200 கிராம் என்று தீர்மானித்துப் பொருத்தியிருக்கிறார்கள். கியரைக் கீழிறக்கும்போது எஞ்சின் சுழற்சியைத் தானே பொருத்திக் கொடுக்கும் வசதி உண்டு, வேண்டாதவர் நிறுத்திவைக்கலாம். ஆட்டோமேட்டிக் சுப்ராவில் எஞ்சினின் திறமை ஓட்டுநரைப் பார்வையாளராக்கிவிடுகிறது. கிளட்ச் வந்த பிறகுதான் இந்தக் காரில் கைக்கும் காலுக்கும் வேலை கிடைத்தது. இந்தியாவில் சுப்ராவை டொயோட்டா விற்கவில்லை என்றாலும், இதே எஞ்சினும் மேனுவல் கியரும் கொண்ட ‘இசட்4 எம்40ஐ’ என்ற பிஎம்டபிள்யூ கார் 2025-இல் இங்கே வந்தது. கூரை திறக்கும் காரில் ஆட்சேபம் இல்லாதவர்கள் கவனிக்கலாம்.

பதிப்புகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. அமெரிக்காவில் அறிமுகப் பதிப்பு 1,500 கார்கள். 2021-இன் ஏ91 பதிப்பு 1,000. கார்பன் இழை உறுப்புகள் சேர்ந்த 2022-இன் ஏ91-சிஎஃப் 600. மேனுவலுடன் பழுப்புத் தோல் இருக்கைகள் பெற்ற ஏ91-எம்டி 500. 45-ஆம் ஆண்டு நினைவுப் பதிப்பு 900. எஞ்சின் எதிலும் மாறவில்லை. மறுவிற்பனையில் விலை நிற்கும் என்ற நம்பிக்கையில் இவற்றை வாங்குவோர் உண்டு. ஓட்டுவதற்காக வாங்குகிறவர் அந்தப் பணத்தில் நல்ல டயர்களை வாங்கிக்கொள்ளலாம்.

எந்த ஆண்டிலும் எந்தப் பதிப்பிலும் திருந்தாத குறைகளும் சில உள்ளன. உள்ளே அமர்ந்தால் ஸ்டீயரிங்கின் சின்னத்தைத் தவிரக் கண்ணில் படும் பொத்தான்கள் பெரும்பாலும் பிஎம்டபிள்யூவினுடையவை. பக்கக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு நெடுஞ்சாலையில் போனால், காற்று உள்ளே அடைபட்டு காதில் திம் திம்மென்று மோதும். வெளியே காற்றுத் துளைகள் போலத் தெரிபவற்றில் பல வெறும் ஒப்பனை.

பிஎம்டபிள்யூ எம்3-இன் எஸ்58 எஞ்சினோடு ஒரு சுப்ரா வரும் என்ற எதிர்பார்ப்பு ஆண்டுக்கணக்கில் உலவியது. அது வரவே இல்லை. அதற்குப் பதிலாக 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஏ90 (இந்தத் தலைமுறையின் குறிப்பெயர்) இறுதிப் பதிப்பு, அதே பி58 எஞ்சினை ஏறத்தாழ 440 குதிரைத்திறனுக்கு உயர்த்தி, கேடபிள்யூ சஸ்பென்ஷன், அக்ரபோவிச் டைட்டானியம் எக்ஸாஸ்ட், ரெகாரோ கார்பன் இருக்கைகள், மேனுவல் கியர் ஆகியவற்றுடன் வந்தது. பதிப்பு என்ற பெயருக்கு இயந்திரத்தில் பொருள் கொடுத்தது இது ஒன்றுதான். ஆனால் உலகத்துக்கே 300 கார்கள், ஜப்பானில் குலுக்கல் முறையில் விற்பனை. வாங்க நினைக்கும் சாதாரண ஆர்வலருக்கு நான் சொல்வது 2023 மாதிரி முதல் வந்த, அலங்காரம் ஏதுமற்ற மூன்று லிட்டர் மேனுவலை. ஆட்டோமேட்டிக் போதும் என்பவர் 2021-க்கு முந்தைய அமெரிக்கக் கார்களை, விலை கணிசமாகக் குறைந்தால் மட்டும் எடுக்கலாம். ஐரோப்பாவில் திறன் மாறாததால் இந்த ஆண்டுக் கணக்கு தேவையில்லை, மேனுவலா என்று மட்டும் பார்த்தால் போதும்.