மின்சாரம் வந்ததும் பொங்கும் ஸ்கிம்மர்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பம்பின் சுழல்விசிறியான இம்பெல்லரின் தண்டு உடைந்து நின்றுபோன என் புரோட்டீன் ஸ்கிம்மர் (கடல்நீர் மீன்தொட்டியின் கழிவை நுரையாக்கி அகற்றும் கருவி), மாற்றுப் பாகம் வந்து சேர்ந்தபின் இப்போது மீண்டும் ஓடுகிறது. இதே சமயத்தில், தம் கடல்நீர்த் தொட்டியில் இழைப்பாசி மண்டிக் கிடப்பதாகவும், இதே ஸ்கிம்மரை வாங்கினால் அது ஒழியுமா என்றும் நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுவதுதான் நியாயம். மீன்களின் கழிவும் மிஞ்சிய தீனியும் சிதைந்து அம்மோனியாவாகி, பின்பு நைட்ரேட்டாக மாறுவதற்கு முன்பே, அவற்றிலிருந்து நீரில் கரையும் கரிமப் பொருள்களை நுண்குமிழிகளில் ஒட்டவைத்து நுரையாக வெளியேற்றுவதே ஸ்கிம்மரின் வேலை. அதை இது குறையின்றிச் செய்கிறது. கடுங்காப்பி நிறத்தில் மேலேயுள்ள கோப்பையில் சேரும் அந்த நாற்றத் திரவத்தைப் பார்த்த எவரும் அதன் திறனைச் சந்தேகிக்க மாட்டார்கள். நுரை கோப்பைக்கு ஏறும் கழுத்தின் உட்புறம் படியும் பழுப்புப் பிசுக்கை வாரம் ஒருமுறை துடைத்தால் போதும். துடைக்காவிட்டால் நுரை ஏறாது.

அதன் இன்னொரு பயன் பழுதாகிக் கிடந்த நாள்களில்தான் எனக்குப் புலப்பட்டது. நைட்ரேட் பரிசோதனையில் நிறம் ஏறக்குறைய மாறவே இல்லை. ஆனால் விடியற்காலையில் மஞ்சள் டேங் (yellow tang) மீனின் செவுள்கள் வழக்கத்தைவிட வேகமாக அடித்துக்கொண்டன. சென்னையின் மே மாத வெக்கையில் நீர் சூடேற ஏற அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. பகலில் ஆக்சிஜனை வெளியிடும் பாசியும் பவளமும் இரவில் அதை எடுத்துக்கொள்கின்றன. அந்த நேரங்களில் மீன்களைக் காத்துவந்தது ஸ்கிம்மர் இடைவிடாமல் கலக்கும் காற்றுதான்.

இத்தனை நன்றாக உழைக்கும் கருவியின் மீது எனக்குக் கோபம் வருவது மின்சாரம் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும்தான். மின்சாரம் போனதும், கீழே ஸ்கிம்மர் இருக்கும் துணைத்தொட்டியான சம்பிலிருந்து நீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் நிற்கிறது. மேல்தொட்டி நீரின் ஒரு பகுதி சம்பில் இறங்கி அதன் மட்டம் உயர்கிறது. மின்சாரம் வந்த நொடியிலேயே ஸ்கிம்மர் முழு வேகத்தில் ஓடத் தொடங்குவதால், நுரைக்குப் பதில் நீரே கழுத்தின் வழியே பொங்கிக் கோப்பையை நிறைத்து, மூடியோரம் வழிந்து, அதுவரை திரட்டிவைத்த கழிவையெல்லாம் சம்பிலேயே கொட்டிவிடுகிறது. வடிகுழாய் மாட்டி வெளியே ஒரு கேனில் விடலாமே என்பார்கள். அப்படிச் செய்தால் கழிவு திரும்பாது. ஆனால் சம்பின் கடல்நீர் கேனுக்குப் போய்விடும், குறைந்த மட்டத்தைத் தானாக நீர் நிரப்பும் கருவி உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் ஈடுகட்டும், தொட்டியின் உப்பளவு இறங்கும். தீனி போடும்போது ஸ்கிம்மர் பம்பை 10 நிமிடம் நிறுத்திவைக்கும் வசதி இதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கிறது. அதே தாமதம் மின்சாரம் திரும்பும்போதும் தானாக நிகழும்படி அமைத்திருக்கக் கூடாதா? இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு, மின்சாரம் வந்து சற்று நேரம் கழித்தே இணைப்புத் தரும் தாமத ரிலே ஒன்றைத் தனியே வாங்கி மாட்டும் வேலையை வாங்கியவர் தலையில் கட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி நண்பரின் பாசி. பாசிக்குச் சத்தாகும் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் ஏற்கெனவே மாறிவிட்டதை நுரை பிடிக்காது. அதிலும் பாஸ்பேட் பொல்லாதது. தொட்டியில் அடுக்கும், நுண்ணுயிர்கள் குடியிருக்கும் லைவ் ராக் பாறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது பாஸ்பேட்டைத் தன்னுள் பிடித்துவைத்து, நீரில் அளவு குறையும்போது மெல்ல வெளியே விடும். அதனால்தான் பாஸ்பேட்டை ஈர்க்கும் இரும்பு ஆக்சைடு மணிகளான ஜி.எஃப்.ஓ. போட்டு 0.03 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) வரை இறக்கினாலும், அதை எடுத்தபின் அளவு மீண்டும் ஏறுகிறது. பாசி மண்டிய தொட்டியில் பரிசோதனை பூஜ்யம் காட்டுகிறதென்றால், நீரில் வரும் சத்தைப் பாசி உடனுக்குடன் உறிஞ்சிவிடுகிறது என்று கொள்ள வேண்டும். என் தொட்டியில் பாசியை அடக்கியது, கையால் பிடுங்கியதும், பாசி தின்னும் டர்போ நத்தைகளும், சம்பில் இரவு விளக்கின் கீழ் வளர்க்கும் கீட்டோமார்ஃபா என்ற கடற்பாசியும்தான். அந்தப் பச்சைச் சுருளில் ஒரு கைப்பிடியை அறுத்தெடுக்கும்போதெல்லாம் அதனோடு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தொட்டியை விட்டு வெளியேறுகின்றன. இரண்டையும் முற்றாகத் துடைத்துவிடவும் கூடாது. சத்தே இல்லாத நீரில் டைனோஃப்ளாஜெலேட் என்ற நுண்ணுயிர் படர்ந்தால் இழைப்பாசியே தேவலாம் என்று தோன்றும். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்ற வரம்பில் வைத்திருக்கிறேன்.

ஆகவே இந்த ஸ்கிம்மரை வாங்க வேண்டாம் என்றே நண்பரிடம் சொன்னேன். அவர் வீட்டில் இன்வெர்ட்டரும் இல்லை. அந்தப் பணத்தில் சம்பில் ஒரு பகுதியைத் தடுத்து, நல்ல விளக்கு போட்டுக் கீட்டோமார்ஃபா வளர்க்கட்டும். காற்றோட்டத்துக்கு எளிய ஸ்கிம்மர் ஒன்று போதும். என் தொட்டியிலிருந்து இதை எடுக்கப் போவதில்லை. ஆனால் இன்னொரு முறை தண்டு உடைந்தால், இதற்கு மேலும் செலவு செய்ய எனக்கு மனமில்லை.