மூக்கு மாஸ்க்கா, முழுமுக மாஸ்க்கா: முழங்காலுக்கு முன்பு ஐந்து வாரங்கள்

முழங்கால் மூட்டை மாற்ற நாள் குறித்தாகிவிட்டது. இரத்தப் பரிசோதனை, இதயப் படம் எல்லாவற்றிலும் குறையில்லை. மயக்க மருந்து வைத்தியர் மட்டும் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்தார்: 43 சென்ரிமீற்றர். குறட்டை உண்டா, பகலில் கண் செருகுமா, பிரஷர் உண்டா, நித்திரையில் மூச்சு நிற்பதை யாரேனும் கண்டார்களா என்று கேள்விகள் தொடர்ந்தன. மூச்சுக் கேள்விக்கு நான் வாய் திறக்குமுன் மனைவி பதில் சொல்லிவிட்டார்.

நித்திரைப் பரிசோதனையில் மணிக்கு 38 தடவை மூச்சு தடைப்படுவதாக முடிவு வந்தது. 30ஐத் தாண்டினால் கடுமையான வகை. சத்திரசிகிச்சை ஐந்து வாரம் தள்ளிப்போனது. அதற்குள் சிபாப் இயந்திரத்துக்கு, அதாவது நித்திரையில் தொண்டை மூடிக்கொள்ளாமல் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவிக்கு, பழகிக்கொண்டு வர வேண்டும் என்பது உத்தரவு. மயக்க மருந்தும், பின்னர் கொடுக்கும் மோர்பின் வகை வலிநிவாரணிகளும் தொண்டைத் தசையைத் தளர்த்துவதோடு, மூச்சு நின்றால் திடுக்கிட்டு விழிக்கும் இயல்பையும் மழுங்கடித்துவிடும். போதாததற்கு, கட்டுப் போட்ட காலோடு மல்லாந்துதான் படுக்க வேண்டும். மல்லாந்தால் நாக்கு பின்னால் சரியும். முதல் ஓரிரு இரவுகளில் குறைந்துபோகும் கனவு நித்திரை, அடுத்த இரவுகளில் வட்டியோடு திரும்பி வருமாம்; தொண்டை மிகவும் தளர்வதும் அந்த நித்திரையில்தான். வீட்டிலேயே பழகாதவர் அந்த இரவில் புதிதாக மாஸ்க்கைப் பூட்டிக்கொண்டு தூங்கப்போவதில்லை.

இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வகையை வாடகைக்கு எடுத்தேன், பிறகு வாங்கினேன். விலையை எழுதப்போவதில்லை, டொலர் அசைந்தால் அடுத்த மாதமே அது பொய்யாகிவிடும். பழைய இயந்திரம் வாங்குபவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் இயந்திரங்கள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. உள்ளே சத்தத்தைக் குறைக்க வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து காற்றோடு கலக்கக்கூடும் என்பது காரணம். சூடும் ஈரப்பதமும் அந்தச் சிதைவைக் கூட்டும் என்றும் அப்போது சொல்லப்பட்டது. கொழும்பில் இருப்பவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தொடர் இலக்கத்தைச் சரிபார்க்காமல் காசைக் கொடுக்க வேண்டாம்.

உண்மையான தலையிடி மாஸ்க்தான். விற்றவர் முதலில் கொடுத்தது முழுமுக மாஸ்க்: மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது, நெற்றியில் ஒரு தாங்கி, நாலு முனையில் பட்டி. வாயால் மூச்சு விட்டாலும் காற்று வீணாகாது, ஆகவே எல்லாருக்கும் பொருந்தும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

முதலிரவு நாற்பது நிமிடம். இரண்டாம் இரவு ஒன்றரை மணி நேரம். மூன்றாம் இரவு, மீசை வழியாகக் காற்று கசிந்து கண்ணுக்குள் அடித்தது. பட்டியை இறுக்கினேன். காலையில் மூக்குத்தண்டில் சிவந்த தழும்பு. இன்னும் இறுக்கினேன், கசிவு இடம் மாறியது. முப்பது வருடமாக வைத்திருக்கும் மீசை. அதை எடுத்துவிடலாமே என்று மகள் சொன்னாள். முழங்காலையே மாற்றச் சம்மதித்த மனிதன், மீசை விஷயத்தில் மட்டும் சம்மதிக்கவில்லை.

பத்தாம் நாள் மூக்கு மாஸ்க்குக்கு மாறினேன். துவாரங்களின் கீழே அணைந்திருக்கும் சிறிய சிலிக்கன் மெத்தையும், தலையைச் சுற்றி ஒரு மெல்லிய பட்டியும்தான் மொத்தமே. மீசைக்கு மேலே துவார விளிம்பில் அது பொருந்துவதால் மயிர் குறுக்கே வரவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகை வாசிக்கலாம். முகத்தை மூடிவிட்டார்கள் என்ற அச்சமும் பாதி குறைந்தது. இன்னொன்றும் நடந்தது. முழுமுக மாஸ்க்கில் 13 வரை (நீர் சென்ரிமீற்றர் கணக்கில்) ஏறிய அழுத்தம் மூக்கு மாஸ்க்கில் 10ஐச் சுற்றி நின்றது. முழுமுக மாஸ்க்கின் பட்டி தாடையைப் பின்னால் தள்ளி, திறக்க வேண்டிய தொண்டையையே ஒடுக்கிவிடக்கூடும் என்று வைத்தியர் விளக்கினார். சிட்னி வைத்தியர் கொலின் சலிவன் 1981இல் இந்த முறையை முதலில் வெளியிட்டபோதும் காற்றைச் செலுத்தியது மூக்கு வழியாகத்தான்.

இவ்வளவும் இருந்தும், என் முடிவைத் தீர்மானித்தது கழுவும் வேலைதான்.

வெள்ளவத்தையில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. இரவில் குளிரூட்டி போட்டாலும் படுக்கப்போகும்போது முகத்தில் வியர்வை இருக்கும். சனிக்கிழமை தலைக்கு நல்லெண்ணெய் வைத்து முழுகினால், எவ்வளவு சீயாக்காய் தேய்த்தாலும் நெற்றியோரத்தில் மினுமினுப்பு மிஞ்சும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்தால் திருநீறு. இந்த மூன்றும் சேர்ந்து முழுமுக மாஸ்க்கின் நெற்றித் தாங்கியில் ஒரு சாம்பல் நிறப் பசையாக ஒட்டியிருந்ததை ஒரு காலையில் கண்டேன். எண்ணெய்ப் படிந்த சிலிக்கன் தோலில் பிடிக்காது, வழுக்கும். வழுக்கினால் கசியும், கசிந்தால் இறுக்குவோம், இறுக்கினால் புண். தினமும் கழுவினால்தான் இந்தச் சங்கிலி அறும்.

கழுவுவது என்றால் குழந்தைச் சவர்க்காரமும் இளஞ்சூட்டு நீரும் போதும். மெத்தையின் உள்மடிப்பைப் பெருவிரலால் தேய்க்கும்போது முதலில் வழுவழுப்பாக நழுவும். எண்ணெய் போனதும் விரல் கிறீச்சிடும். அந்தச் சத்தம் கேட்கும்வரை தேய்க்க வேண்டும். மூக்கு மாஸ்க்கில் இதற்கு இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. முழுமுக மாஸ்க்கில் பெரிய மெத்தை, சட்டம், முழங்கை போன்ற வளைவு, அதற்குள் ஒரு சிறு வால்வு, நெற்றித் தாங்கி என்று ஒவ்வொன்றையும் கழற்றிப் பூட்ட வேண்டும். கால் வலியோடு கழுவுதொட்டி அருகே கால்மணி நேரம் நிற்பது யாரால் முடியும்? சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோலோடு நிற்கும்போது?

பட்டி இன்னொரு கதை. முழுமுக மாஸ்க்கின் தடித்த துணிப்பட்டியைக் காலையில் துவைத்து நிழலில் போட்டால், கடற்காற்றில் இரவு பத்து மணிக்கும் அடிப்பக்கம் ஈரமாக இருக்கும். ஈரப்பட்டியைப் பின்கழுத்தில் கட்டிக்கொண்டு ஓர் இரவு படுத்தேன். மறுநாள் கழுத்தில் சொறி. மூக்கு மாஸ்க்கின் பட்டி மாலை தேநீருக்குள் காய்ந்துவிடுகிறது. வெயிலில் போடலாமே என்பீர்கள். வெயில் சிலிக்கனையும் பட்டியின் இழுவிசையையும் கெடுக்கும். என்னுடையதை இங்கு பாவிக்கத் தொடங்கி நாலு மாதந்தான் ஆகிறது. ஒரு மெத்தை எத்தனை மாதம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல எனக்கு இன்னும் அனுபவம் போதாது.

ஈரம் இயந்திரத்திலும் விளையாடும். குளிரூட்டிய அறையில் குழாய் குளிர்ந்து, தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் ஈரக்காற்று உள்ளே துளியாகிக் களகளவென்று ஓடும். ஈர அளவைக் குறைத்தேன். குழாய்க்கு ஒரு பழைய பருத்திச் சாரத்தைச் சுற்றித் தைத்துத் தந்தார் மனைவி. துளி நின்றது. கட்டிலருகே ஏதோ குழந்தையைக் கிடத்தியதுபோல் இருக்கிறது என்று பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான்.

மூக்கு மாஸ்க்குக்கும் குறை உண்டு. வாய் திறந்துகொண்டால் காற்று வாய்வழியே ஓடிவிடும், நாக்கு காய்ந்து பலகையாகும். முதல் வாரம் எனக்கும் அப்படித்தான். தாடைப் பட்டி கட்டியபின் குறைந்தது. வாயை நாடாவால் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்து பார்க்கவில்லை, குமட்டல் வரக்கூடிய ஆஸ்பத்திரி இரவில் செய்யவும் மாட்டேன். பீனிசம் உள்ளவர்கள், மூக்கின் நடுத்தண்டு வளைந்தவர்கள் ஆகியோருக்கு முழுமுக மாஸ்க்தான் வழியாக இருக்கலாம். அவர்கள் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் மூக்கைக் காட்டிவிட்டு மாஸ்க் வாங்குவது நல்லது. ஆனால் வாந்தி வந்தால் முழுமுக மாஸ்க்கை உடனே கழற்ற வேண்டும், தன் கையால் கழற்றத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வகையிலும் காந்தக் கொக்கி வைத்தவை வருகின்றன. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் அவற்றை வாங்குமுன் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

மின்வெட்டைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் இருளில் இருந்த ஊர், 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரத்தை இழந்த ஊர், கேட்கத்தான் செய்வார்கள். முழுமுக மாஸ்க்கில் காற்று நின்றால் அந்தச் சிறு வால்வு திறந்து வெளிக்காற்றை விடும். மூக்கு மாஸ்க்கில் வாயைத் திறந்தால் போதும். மூச்சு முட்டிச் சாக மாட்டோம், குறட்டைதான் திரும்பி வரும்.

பழகிய முறை இதுதான்: முதலில் குழாய் இல்லாமல் மாஸ்க்கை மட்டும் போட்டுக்கொண்டு தொலைக்காட்சிச் செய்தி பார்த்தேன். பிறகு குழாயோடு. பிறகு மதியத் தூக்கம். இயந்திரத்தின் அழுத்தம் 4இல் தொடங்கி மெல்ல ஏறும்படி வைத்தேன். மூன்றாம் வாரம் நாலு மணி நேரத்தைத் தாண்டினேன். ஐந்தாம் வாரம் ஆறு மணி நேரம், தடைகள் மணிக்கு 4. அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டியபோதுதான் மயக்க மருந்து வைத்தியர் தேதி கொடுத்தார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்வதாகவும் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு உங்கள் இயந்திரத்தையும் உங்கள் மாஸ்க்கையுமே கொண்டுபோங்கள். பிளக் மாற்றியையும் மறக்க வேண்டாம். என்னுடையது உருண்டை முள், கட்டிலருகே இருந்தது சதுர முள் துவாரம். இரவு பதினொன்றுக்கு மகன் கடை தேடி அலைந்தான். மூன்றாம் இரவு கனவுகள் குவிந்து வந்தன. விழித்துப் பார்த்தபோது தாதி சாரம் சுற்றிய குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முழுமுக மாஸ்க் இன்னும் அலுமாரியில் கிடக்கிறது. பாவித்த மாஸ்க்கை எந்தக் கடையும் திரும்ப எடுப்பதில்லை. கொட்டாஞ்சேனையில் இருக்கும் மைத்துனர் கேட்டிருக்கிறார். அவருக்குப் பீனிசம், வாயால்தான் மூச்சு, ஆகவே புது மெத்தை வாங்கிப் பூட்டினால் பொருந்தலாம். ஆனால் தாடி வைத்திருக்கிறார்.