செல்யாபின்ஸ்க் விண்கல் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகர வானத்தில் வெடித்துச் சிதறிய விண்கல்லின் துண்டு என்று சொல்லி, இணையத்தில் ஒரு விற்பனையாளர் 6,000 ரூபாய்க்கு ஒரு கறுப்புக் கல்லை என் தலையில் கட்டிவிட்டார். கூடவே வழவழப்பான சான்றிதழ் வேறு. அதில் ‘எல்எல்5 காண்டிரைட்’ என்று அச்சிட்டிருந்தார்கள். காண்டிரைட் என்றால் சிறு உருண்டைகள் பொதிந்த கல் வகை விண்கல். செல்யாபின்ஸ்க் விண்கல்லின் வகை உண்மையில் எல்எல்5தான். சாயம் வெளுத்ததும் அதனால்தான்.

சாதாரண காண்டிரைட்டுகளை இரும்பின் அளவை வைத்து எச், எல், எல்எல் என்று பிரிப்பார்கள். எச் வகையில் எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை உலோகமாகவே இருக்கும். எல்எல் வகையில் மொத்த இரும்பே குறைவு; அதிலும் உலோகமாக இருப்பது சொற்பம். மிச்சம் பெரும்பாலும் ஆலிவின், பைராக்சின் போன்ற சிலிகேட் கனிமங்கள். அதனால் காந்தம் அதை லேசாகத்தான் இழுக்கும். விற்பனையாளர் அனுப்பிய வீடியோவிலோ காந்தம் ‘டக்’கென்று பாய்ந்து ஒட்டியது. அதைத்தான் அவர் அசலுக்கு அத்தாட்சியாகக் காட்டினார்!

கல் கைக்கு வந்ததும், தராசில் ஒருமுறை, தண்ணீரில் தொங்கவிட்டு ஒருமுறை என எடை பார்த்தேன். அடர்த்தி கன செ.மீ.க்கு 5 கிராமை ஒட்டி வந்தது. செல்யாபின்ஸ்க் கல்லுக்கு அது சுமார் 3.3தான். டைல்ஸின் சொரசொரப்பான பின்பக்கத்தில் தேய்த்தால் கரிய கோடு விழுந்தது. ஜியாலஜி படித்த நண்பர் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “மேக்னடைட்” என்றார். பூமியிலேயே தாராளமாகக் கிடைக்கும் இரும்புத் தாது. நிக்கல் கலந்த உலோகப் பொட்டுகள் இல்லை, காண்ட்ரூல் எனப்படும் சிறு உருண்டைகளும் இல்லை. எல்எல்5-இல் உள்ள 5, விண்வெளியிலேயே வெந்து மாறிய அளவைக் குறிப்பது. அந்த நிலையில் உருண்டைகளின் விளிம்பு மங்கியிருக்கும், ஆனால் அடையாளம் தெரியும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “விண்கல்னா காந்தம் ஒட்டத்தானே சார் செய்யும்” என்று பதில் வந்தது. அப்புறம் என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள், பணம் அனுப்பும் முன் அறுத்த முகப்பின் படத்தையும், காற்றிலும் தண்ணீரிலும் எடுத்த எடையையும் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். அதே ஆள் இப்போது அதே படத்தைப் போட்டு ‘எச்5’ என்று விற்றுக்கொண்டிருக்கிறார். காந்தப் பிரச்சினையைச் சமாளிக்கலாம் என்று நினைத்திருப்பார் போல. எச் வகைக்கும் அடர்த்தி 4-ஐ எட்டாது.