போபாலா, உதய்பூரா, சிலிகாவா: ஏரி மாநாட்டை எங்கே கூட்டுவது?

ஏரிகளைப் பற்றி நான்கு நாள் மாநாடு, அதில் ஏரியைப் பார்க்க ஒரே ஒரு சாயங்காலம். இப்படி ஒன்றில் ஓரமாக நின்று எடுபிடி வேலை பார்த்த அனுபவம் எனக்கு உண்டு, ஊர் பெயர் வேண்டாம். சிறப்பு விருந்தினர் தாமதம், அதனால் சாப்பாடு தாமதம், பஸ் ஊரைத் தாண்டவே ஒன்றரை மணி நேரம், கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. தண்ணீரின் தெளிவை அளக்க செக்கி தட்டு என்று ஒன்று உண்டு. 20 சென்டிமீட்டர் அகலம், கால்வாசி கால்வாசியாகக் கறுப்பும் வெள்ளையும் அடித்திருக்கும். வெயில் நன்றாக இருக்கிற நேரத்தில் படகின் நிழல் பக்கமாகக் கயிற்றில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்க்க வேண்டும். அதை நாங்கள் செல்போன் டார்ச் அடித்து இறக்கினோம். எல்லோரும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்கள், பஸ் திரும்பிவிட்டது.

அதிலிருந்து, இந்தியாவில் இப்படி ஒரு சர்வதேசக் கூட்டம் நடத்தலாம் என்று யாராவது பேச்செடுத்தால் நான் இரண்டே கேள்விதான் கேட்கிறேன். அரங்கிலிருந்து தண்ணீர் எவ்வளவு தூரம்? அந்த ஏரியை வைத்துப் பிழைக்கிறவர்களும் அதைப் பராமரிக்கிற எஞ்சினியர்களும் மத்தியானம் எழுந்து வந்து, உட்கார்ந்து சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியுமா? அழைப்பிதழில் ஆராய்ச்சி, மேலாண்மை என்று இரண்டையும் சேர்த்துத்தான் போடுகிறார்கள், உள்ளே போனால் இரண்டு கூட்டமும் தனித்தனி அறையில் இருக்கும்.

உலக ஏரி மாநாட்டு வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1984-ல் ஜப்பானின் ஷிகா மாகாணத்தில், பிவா ஏரிக்கரையில் தொடங்கியது. 2023-ல் ஹங்கேரியில் பாலட்டன் ஏரிக்கரை ஊரான பாலட்டன்ஃப்யூரெட்டில் நடந்தது. நடுவில் 2007-ல் இந்தியாவுக்கு வந்தபோது ஜெய்ப்பூரில் கூடினார்கள். ஜெய்ப்பூரிலும் ஜல் மஹால் நிற்கிற மான்சாகர் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஜெய்ப்பூர் என்றதும் ஏரி ஞாபகம் வருகிறவர் எத்தனை பேர்?

அடுத்த முறைக்கு ஊர் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். என் கணக்கில் மூன்று ஊர்தான் தேறும். மணிப்பூரின் லோக்டாக் எனக்கு மிகவும் பிடித்த ஏரி, பும்டி எனப்படும் மிதக்கும் செடித் திட்டுகள், 1983-ல் வந்த இத்தாய் தடுப்பணை என்று பேச நிறையவே இருக்கிறது. ஆனால் இருக்கிற நிலவரத்தில், அதிலும் 2024 டிசம்பரிலிருந்து வெளிநாட்டவருக்குச் சிறப்பு அனுமதி மறுபடி கட்டாயமாகிவிட்ட பிறகு, அங்கே முந்நூறு பேரைக் கூட்டுவது நடக்கிற காரியமில்லை.

உதய்பூரை யாரும் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை, தானாகவே பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிச்சோலா, ஸ்வரூப் சாகர், ஃபதே சாகர் என்று கால்வாயால் கோத்த ஏரிகள், ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். 2025 ஜனவரியில், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ராம்சார் ஒப்பந்தத்தின் ‘ஈரநில நகரம்’ அங்கீகாரம் இந்தூருக்கும் உதய்பூருக்கும்தான் இந்தியாவிலேயே முதலில் கிடைத்தது. போஸ்டர் அச்சடிக்கிறவருக்கு வேலை சுலபம். சிக்கல் வேறு இடத்தில். மாநாட்டுக்கு நல்ல பருவம் எதுவோ, அதுவேதான் அங்கே கல்யாண சீசனும். ஏரியைப் பார்த்த அறையை ஒரு பி.எச்டி. மாணவர் தன் உதவித்தொகையில் எடுக்க முடியுமா? பேராசிரியர்கள் கரையிலும் மாணவர்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜிலும் தங்குவார்கள், சாயங்கால டீயில் நடக்க வேண்டிய பேச்சு நடக்காமலே போகும். இன்னொன்று, அங்கே ஏரியின் பெரிய வாடிக்கையாளர் சுற்றுலாதான். அதனால் எந்த விவாதமும் கடைசியில் ஹோட்டலில் போய் முடிந்துவிடும் என்பது என் பயம். 2000-களின் வறட்சியில் பிச்சோலா வற்றிக் கிடந்ததைப் பற்றி ஒரு முழு அமர்வு வைக்கத் தைரியமிருந்தால் நான் கட்சி மாறத் தயார்.

ஒடிசாவின் சிலிகாவுக்கு வருவோம். சென்னை–ஹவுரா ரயிலில் பகலில் போனவர்களுக்குத் தெரியும், ரம்பா, பாலுகாவ் பக்கம் ஜன்னலோரம் திடீரென்று கடல் மாதிரி விரியும். அறிவியலாகப் பார்த்தால் மூன்றில் இதுதான் பெரிய கதை. 1981-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இந்தியாவின் முதல் இரண்டு இடங்களில் ஒன்று. கடலோடு சேரும் வாய் மணல் மூடி, உப்பு குறைந்து, களை மண்டி, மீன் பிடிப்பு விழுந்து, 1993-ல் ஆபத்தில் இருக்கும் ஈரநிலங்களுக்கான மோன்ட்ரூ பதிவேட்டில் ஏறியது. 2000 செப்டம்பரில் புது முகத்துவாரம் வெட்டினார்கள். 2002-ல் பதிவேட்டிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது, ஆசியாவிலேயே அப்படி வெளியே வந்த முதல் இடம். ஒரு வாய்க்கால் வெட்டு என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? அப்புறம் இறால் கேரிகள். மூங்கிலும் வலையும் அடித்து ஏரியைக் கூறுபோட்டு இறால் வளர்க்கிறார்கள், நிர்வாகம் பிடுங்குகிறது, திரும்பவும் முளைக்கிறது. பரம்பரை மீனவரையும் அதிகாரியையும் ஒரே மேடையில் உட்கார வைத்தால் அன்றைக்கு மற்ற அறைகள் காலியாகத்தான் இருக்கும்.

ஆனால் பாருங்கள், பெரிய அரங்கு புவனேஸ்வரில், ஏரி அங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். ஏரிக்கரையிலேயே, பார்குலில் சிலிகா மேம்பாட்டு ஆணையத்தின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, ஐம்பது பேர் பயிலரங்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே நடத்தலாம். முந்நூறு பேர் என்றால் மறுபடி பஸ், மறுபடி இருட்டு. தேதியும் இழுபறிதான். அக்டோபர், நவம்பர் புயல் மாதங்கள், 2013 அக்டோபரில் ஃபைலின் புயல் பக்கத்து கோபால்பூரில்தான் கரையேறியது. ஏரிக்குள் இருக்கிற நளபனா பறவைகள் சரணாலயத்தில் பறவை குவிகிற ஜனவரிக்குத் தள்ளினால், டெல்லி வழியாக வருகிறவர்கள் பனிமூட்டத்தில் விமானத்துக்குக் காத்துக் கிடப்பார்கள். போதாததற்கு, நன்னீர் ஆட்கள் சிலர் ‘இது ஏரியே இல்லை, உப்பங்கழி’ என்று முதல் நாளே மூக்கைச் சுளிப்பார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

என் ஓட்டு போபாலுக்கு. அழகில் உதய்பூரிடமும் கதையில் சிலிகாவிடமும் அது தோற்கும், தெரிந்துதான் சொல்கிறேன். 11-ஆம் நூற்றாண்டில் போஜராஜன் கோலான்ஸ் ஆற்றை மறித்துக் கட்டியதாகச் சொல்லப்படுகிற பெரிய ஏரி, நகரத்தின் குடிநீரில் சுமார் 40 சதவீதத்தை இன்றைக்கும் தருகிறது. கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் நம்மூர் ராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் வெட்டினான், அதன் இன்றைய நிலை ஊர்க்காரர்களுக்குத் தெரியும். போபாலில் மாநாட்டுக்கு வருகிறவர் தங்கும் அறையில் குழாயைத் திறந்தால் அந்த ஏரித் தண்ணீரே வர வாய்ப்பு இருக்கிறது. காலையில் அதில் பல் தேய்த்துவிட்டு வந்து, அதே ஏரிக்குள் கலக்கும் சாக்கடை பற்றிய கட்டுரையைக் கேட்பார். கேட்கிற விதமே வேறாக இருக்கும்.

சண்டைக்கும் அங்கே பஞ்சமில்லை. 361 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் பெரும்பகுதி வயல், உரம் எல்லாம் எங்கே போகும்? 1995-லிருந்து 2004 வரை ஜப்பான் கடனில் ஒரு பெரிய சீரமைப்புத் திட்டம் நடந்தது. இருபது வருஷம் கழித்து அதில் எது நின்றது, எது கரைந்தது என்று கரையிலேயே உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம். 2023-ல் பசுமைத் தீர்ப்பாயம் மோட்டார் படகுகளுக்குத் தடை போட்டது, அதனால் பிழைப்பு போனவர்களும் அதை வரவேற்றவர்களும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். இருவரையும் கூப்பிட ஆட்டோ அனுப்பினால் போதும். பர்கத்துல்லா பல்கலைக்கழகத்தில் பெயரிலேயே லிம்னாலஜி, அதாவது ஏரி குளங்களைப் படிக்கிற அறிவியல், இருக்கிற துறை உண்டு, தன்னார்வலர்களுக்கு அலைய வேண்டாம். பழைய மின்டோ ஹால் இப்போது மாநாட்டு அரங்கம், பெரிய ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிற சின்ன ஏரியைப் பார்த்தபடி நிற்கிறது. அக்டோபர் கடைசி என்றால் மழை ஓய்ந்திருக்கும். நல்ல மழை வருஷத்தில் பெரிய ஏரி தன் முழு மட்டமான 1,666.80 அடியை (கடல் மட்டத்திலிருந்து) தொட்டு, பத்பதா அணையின் மதகுகளைத் திறந்து மூடியிருப்பார்கள், சிலை கரைப்புத் தகராறும் ஊருக்குள் ஆறியிருக்காது.

குறை என்று பார்த்தால், வெளிநாட்டவர் டெல்லியிலோ மும்பையிலோ விமானம் மாறியாக வேண்டும், அது மூன்று ஊருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். படகுக் கணக்கும் தொல்லை. மோட்டார் இல்லை என்றால் துடுப்புப் படகு, ஒன்றில் ஐந்தாறு பேர், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், ஆக மொத்தப் பேரையும் நாலு நாளுக்குப் பிரித்துத்தான் ஏற்ற வேண்டும்.

எந்த ஊரானாலும் மாறாத இரண்டு வேலையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசி மாதத்தில் இதை வைத்துக்கொண்டு அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாநாட்டு விசாவுக்கு அழைப்புக் கடிதம் மட்டும் போதாது, வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியும் உள்துறையின் நிகழ்ச்சி அனுமதியும் அமைப்பாளர் வாங்கியிருக்க வேண்டும். இன்னொன்று, பயிலரங்கில் எடுத்த மிதவையுயிர் மாதிரியை ஆராய்ச்சிக்கென்று வெளிநாட்டவர் ஒரு குப்பியில் போட்டுக் கொண்டுபோக முடியாது. அதற்கு தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும், அலுவலகம் நம்ம சென்னை தரமணியில்தான்.

மற்றதெல்லாம் குழு பேசி முடிவு செய்யட்டும். நிகழ்ச்சி நிரலில் மட்டும் ஒரு வரியை நான் பேனாவாலேயே எழுதித் தருவேன்: முதல் நாள், காலை பத்தரை, படகுத்துறை, செக்கி தட்டு. தொடக்க விழாவும் விருந்தினரும் சாயங்காலம்.