தன்மையா, படர்க்கையா: மழையைப் பார்ப்பவர் யார்?

"திரும்பி வராத அம்மாவின் விரல்களைப் போல மழை என் கதவைத் தட்டியது." இது தன்மை, அதாவது 'நான்' என்று கதை சொல்லும் முறை. இந்த உவமை மழையைவிடச் சொல்பவரையே அதிகம் காட்டுகிறது. அவருடைய ஏக்கமெல்லாம் 'போல' என்ற உருபுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு. ஆறு வயதுக் குழந்தை கதை சொன்னால், உவமையும் அந்தக் குழந்தை அறிந்த பொருள்களிலிருந்தே வர வேண்டும். கடலையே பார்க்காத பிள்ளை அலையை உவமையாக்கினால் எழுத்தாளரின் குரல் கேட்டுவிடும். எனக்கு அங்கேயே நம்பிக்கை போய்விடுகிறது.

"மழைத்திரை ஊரை மூடியது." இது படர்க்கை, அதாவது 'நான்' இல்லாமல் வெளியே நின்று சொல்லும் முறை; 'போல' இல்லாமல் மழையையே திரையாக்குவதால் உருவகம். மலை முதல் வாசல்வரை ஒரே வீச்சில் அடங்குகிறது, நெருக்கம் குறைகிறது. நிலக்காட்சிக்கு இதையும், நினைவுக்குத் தயங்காமல் தன்மையையும் எடுப்பேன்.