மதுரையில் ஒரு மாதம்: சீசன் டிக்கெட்டும் சீட்டுக் கணக்கும்

இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக ரயிலில் வேலைக்குச் சென்று வருபவன் என்பதால், இம்முறை சோழவந்தானில் அக்காள் வீட்டில் தங்கியிருந்த ஒரு மாதமும், மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நாள்தோறும் போய்வருபவர்கள் ரயில் சீட்டுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பதிலேயே என் கவனம் இருந்தது.

மதுரையில் வேலை பார்க்கும் அக்காள் மகனின் சீசன் டிக்கெட்டுக்கு இரண்டே கேள்விகள்தாம்: எத்தனை கிலோமீட்டர், ஒரு மாதமா மூன்று மாதமா. இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டின் விலை ஏறக்குறைய பதினைந்து ஒருவழிப் பயணங்களை அடிப்படையாகக் கொண்டது. எனவே எட்டு நாள் போய்வந்தாலே போட்ட பணம் தேறிவிடும். 2014 ஜூனில் அதை முப்பது பயணங்களின் அளவுக்கு உயர்த்துவதாக அறிவித்துவிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே கைவிட்டார்கள். 2025 ஜூலையிலும் டிசம்பரிலும் மற்றக் கட்டணங்கள் ஏறியபோதும் சீசன் டிக்கெட்டைத் தொடவில்லை.

இங்கிலாந்தில் எனக்கு மாதந்தோறும் தாளும் பேனாவும் வேண்டும். ஆண்டுச் சீட்டு என்பது நாற்பது வாரச் சீட்டுகளின் விலை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் செல்வோருக்காக 2021இல் வந்த ‘பிளெக்ஸி சீசன்’, 28 நாட்களில் எட்டு நாள் பயணிக்க விடும். இவற்றுக்கு மேல், நடுவழி நிலையத்தில் பிரித்து இரண்டு சீட்டாக வாங்கினால் அதே பயணம் மலிவாகும் விந்தையும் உண்டு.

இங்கும் எல்லாம் நேராக இல்லை. திண்டுக்கல் செல்ல, மலிவாக இருக்கிறதே என்று வாங்கிய சீட்டோடு காலை வைகை எக்ஸ்பிரஸில் ஏறப்போனேன். “மாமா, இது ஆர்டினரி டிக்கெட். இதுல ஏறுனா வித்தியாசத்தோட 250 ரூபாய் பைனும் கட்டணும்” என்று மருமகன் தடுத்தான். ஒரே தண்டவாளம், ஒரே தூரம், ஒரே மர இருக்கையளவு இடம், ஆனால் சாதாரண வண்டி, எக்ஸ்பிரஸ், சூப்பர்பாஸ்ட் என்று மூன்று விலை.

மூன்றையும் ஒன்றாக்கலாமே என்று தோன்றினாலும் எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கொரோனாவுக்குப் பின் பாசஞ்சர் எனும் சாதாரண வண்டிகளில் எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்கியபோது, 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ஆனது. 2024 பிப்ரவரியில்தான் பழைய நிலைக்குத் திரும்பியது. லண்டன்–எடின்பரோ தடத்திலும் அதே ஆண்டில், எளிமையாக்குகிறோம் என்று சொல்லி, நெரிசலற்ற நேரத்துக்கான மலிவுச் சீட்டைத்தான் எடுத்தார்கள்.

அன்று வைகைக்கு வேறு சீட்டு வாங்க நேரமில்லை. கையிலிருந்த சீட்டுக்கு உரிய பாசஞ்சர் வரும்வரை நடைமேடையில் காத்திருந்தேன்.