கோதடி, ரஜாய், ரல்லி: எந்தப் பழசை நம்பி வாங்கலாம்?

மும்பை மாட்டுங்காவில் பஞ்சடைத்த ரஜாய் போர்த்திக்கொண்டு தூங்கும் இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே இந்த ஊரில் பழைய அச்சுத்துணிப் போர்வை தேடுகிறவர் குளிருக்காகத் தேடவில்லை, துணிக்காகத் தேடுகிறார். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பழம்பொருள் சந்தையான சோர் பஜாரின் மட்டன் தெருவில் ஏமாறுவது பாதி குறையும்.

அரும்பொருள் என்று தயங்காமல் சொல்லத்தக்க சீட்டி என்னும் பழைய அச்சுத்துணிப் போர்வைகள் நம் கைக்கு எட்டாதவை. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏறிய சோழமண்டலக் கரைச் சீட்டிகள் ஐரோப்பியரின் படுக்கைகளைப் பிடித்துக்கொண்ட வேகத்தைக் கண்டு, இங்கிலாந்து தன் கம்பளி, பட்டு நெசவாளர்களுக்காக 1721இல் சட்டம் போட்டது. அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் கூடாது, வீட்டில் விரிக்கவும் கூடாது. அந்தத் தடை 1774 வரை நீடித்தது. தப்பிப் பிழைத்தவற்றில் சில லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு ஆசைப்பட்டுப் பயனில்லை. பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் காந்தாவையும் ஒதுக்கிவிடுகிறேன். பெயரைக் கேட்டதும் நமக்குக் கந்தை நினைவுக்கு வருவது சரிதான், ஆனால் பழைய நல்ல காந்தாவின் அழகு வெள்ளைத் துணிமேல் போட்ட தையலில் இருக்கிறது, அச்சில் அல்ல.

மிஞ்சுவது மூன்று. கடைக்காரர் முதலில் விரிப்பது ஜெய்ப்பூர் ரஜாய். ஜெய்ப்பூரை ஒட்டிய அச்சு ஊர்களான சாங்கானேரின் வெள்ளைத் தரையில் சிறு பூக்களோ, பக்ருவின் மண்நிறத்தில் கருப்பும் சிவப்புமோ, பார்த்த கண்ணை எடுக்க முடியாது. "நூறு வருஷப் பழசு" என்பார். இங்கேதான் நிதானம் வேண்டும். ரஜாய்க்குள் இருப்பது பஞ்சு. சில ஆண்டுகளில் அது கட்டிதட்டிவிடும். பிரித்து, பஞ்சைக் கொட்டி, தேவைப்பட்டால் மேலுறையையும் மாற்றி மறுபடி தைப்பதுதான் வழக்கம். வீட்டில் புழங்கிய ஒரு ரஜாய், உறை, பஞ்சு, தையல் மூன்றும் கலையாமல் நூறு ஆண்டு வந்திருக்கிறது என்றால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

நம்ப வைக்கக்கூடிய சான்று ஒன்று உண்டு, அது அழகானதல்ல. மரபான கட்டை அச்சில் கருப்புக்கு இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு ஊறவைத்த நீரைப் பயன்படுத்துவார்கள். அந்த இரும்பு காலப்போக்கில் பருத்தியை அரித்துவிடும். ஆகவே சிவப்பும் வெள்ளையும் முழுதாக இருக்க, பூவின் கருப்பு ஓரக்கோடு மட்டும் இற்றுப் பொடிந்திருந்தால் மதிப்புக் கொடுங்கள். ஓட்டையே இல்லாத கருப்பு, என் கணக்கில், கேள்விக்குரியது. பளிச்சென்ற ஊதா தெரிந்தால் 1856ஐயும் நினைத்துக்கொள்ளுங்கள்; செயற்கைச் சாயங்கள் கிளம்பியது அந்த ஆண்டில் கண்டுபிடித்த ஊதாவிலிருந்துதான். வயது சொல்லச் சிவப்பு உதவாது. சாயவேரில் உள்ள அதே சாயப்பொருளை அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் ஆலையிலும் செய்துவிட்டார்கள், கண்ணால் பிரிக்க முடியாது.

ரல்லி சிந்து, கட்ச் பக்கத்து ஒட்டுத்துணிப் போர்வை. நீலமும் சிவப்புமாகக் கட்டை அச்சிட்ட அஜ்ரக் துண்டும் வீட்டுச் சட்டைத் துண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். சுவரில் மாட்ட இதற்கு ஈடு இல்லை. ஆனால் இதில் துணியின் வயது வேறு, தையலின் வயது வேறு. பழந்துணியை நேற்று வெட்டித் தைத்தும் விற்கலாம். ஒரு ஒட்டின் ஓரத்தை மெல்லத் தூக்கி, உள்ளே மடிந்த பகுதியைப் பாருங்கள். வெளியே வெளுத்தும் உள்ளே நிறம் மங்காமலும் இருந்தால் தைத்த பிறகுதான் வெயில் பட்டிருக்கிறது. உள்ளும் புறமும் ஒரே அளவு வெளுத்திருந்தால் தையல் புதிது. தொங்கும் நூல் கிடைத்தால் கடைக்கு வெளியே வந்து கொளுத்திப் பாருங்கள். சாம்பலானால் பருத்தி, உருகி மணியாக உருண்டால் பாலியஸ்டர்.

என் ஓட்டு மராட்டியக் கோதடிக்கு. உள்ளே பஞ்சு கிடையாது. பழைய புடவை, வேட்டி, சீட்டித்துணி ஆகியவற்றை அடுக்கி நூலோட்டியது, அவ்வளவே. ரஜாயைப் போல் பிரித்துக் கொட்ட வேண்டிய அவசியமில்லாததால், கிழிந்த இடத்தில் மேலே இன்னொரு துணி ஏறும். அதாவது பழசு கீழே பத்திரமாக இருக்கிறது. கட்டை அச்சு இதில் குறைவு, உருளை அச்சிட்ட மில் துணியே அதிகம். அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் 1856இல் ஓடத் தொடங்கி 1982 வேலைநிறுத்தத்தோடு ஒடுங்கிப்போன பம்பாய்ப் பஞ்சாலைகளை மறந்துவிடுகிறார்கள். உள்ளடுக்கில் ஒரு மில் முத்திரை தெரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம். மழைக்காலப் பூஞ்சையிலும் இதற்கே தெம்பு அதிகம். ரஜாயின் பஞ்சு ஈரத்தைக் குடித்தால் காய்வதற்குள் நாற்றம் எடுத்துவிடும்.

எனக்குச் சொன்ன விலையில் ரஜாய் கோதடியைப் போல் மூன்று மடங்கு. "அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கா? நாளைக்கே கூரியரில் அனுப்பித் தருகிறேன்" என்றும் கடைக்காரர் சொன்னார். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருளை அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. நாளைக்கே அனுப்பத் தயாராக இருப்பவர் தன் சரக்கின் வயதைத் தானே நம்பவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கோதடியோடு வீடு திரும்பியபோது மாடி வீட்டு மராட்டியப் பாட்டி, எங்கள் ஆஜி, தலையில் கைவைத்துக்கொண்டார். இதைக் காசு கொடுத்தா வாங்கினாய் என்று கேட்டுவிட்டு, மூலையில் இருந்த கிழிசலைத் தைத்துத் தர ஊசி எடுத்து வந்தார். அந்தக் கிழிசல் வழியேதான் மேலே உள்ள கட்டம் போட்ட துணிக்குக் கீழே சிறு பூவும், அதற்கும் கீழே ஒரு மங்கிய சிவப்பும் தெரிகின்றன. தேநீர் கொடுத்து ஊசியைத் திருப்பி அனுப்பினேன்.